சீட்டாட்டம் ஒரு தொழிலாகுமா?



தலைப்பைக் கண்டதும் சிலர் முகம் சுளிக்கக்கூடும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் இலக்கணத்தைப் பற்றியோ கட்டுரைப் பயிற்சியைப் பற்றியோ எழுதாமல் சீட்டாட்டத்தைப் பற்றி எழுதலாமா என்றும் கேட்கலாம். எழுதத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். நம் மாணவர்கள் இதைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நம்மிடம் விடை இல்லையென்றால் கைப்பேசியிடம் கேட்பார்கள். கைப்பேசி என்ன விடை சொல்லும் என்பது நாம் அறிந்ததே.

சூது என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, தருமர் நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் பணயம் வைத்துத் தோற்ற கதை. மற்றொன்று, திருக்குறளின் 94ஆம் அதிகாரம். 'சூது' என்னும் அந்த அதிகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் ஒரு செய்தி என்னை நிறுத்தி யோசிக்க வைக்கும். வள்ளுவர் அங்கே தோற்றவனைப் பார்த்துப் பேசத் தொடங்கவில்லை. வென்றவனைப் பார்த்தே தொடங்குகிறார். தோல்வி ஒருவனை விழிக்கச் செய்யவும் கூடும். வெற்றிதான் அவனை ஆட்டத்தோடு கட்டிப்போடுகிறது. இது எவ்வளவு கூர்மையான பார்வை என்பதை விளக்கும் இரண்டு மனிதர்களின் வாழ்க்கையை இங்கே எழுத விரும்புகிறேன். இருவரும் அமெரிக்கர்கள். இருவரும் சீட்டாட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்கள்.

இவர்களைப் பற்றி நான் தேடிப் படிக்கக் காரணமானவன் என் முன்னாள் மாணவன் ஒருவன். பெயரும் ஊரும் வேண்டா. ஆறாம் ஆண்டில் என்னிடம் பயின்றவன், மனக்கணக்கில் வல்லவன். கரும்பலகையில் நான் வினாவை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவான். எஸ்.பி.எம். தேர்வில் கணிதத்திலும் கூடுதல் கணிதத்திலும் சிறந்த தேர்ச்சி பெற்றான். போலிடெக்னிக்கில் இடமும் கிடைத்தது. பதிந்துகொள்ளச் சில வாரங்களே இருந்த வேளையில் அவனுடைய தாயார் அவனை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

“ஐயா, இவன் படிக்கப் போகமாட்டானாம். சீட்டு விளையாடியே சம்பாதிப்பானாம். அது ஒரு தொழிலாம். படிப்புச் செலவுக்கென்று நான் சேர்த்து வைத்திருக்கிற நாலாயிரம் வெள்ளியை முதலாகக் கேட்கிறான். இவனுடைய அப்பா நம்பர் எடுத்தே வீட்டை அழித்தார். இன்னொரு முறை என்னால் தாங்க முடியாது, ஐயா.”

அந்த அம்மையார் தொழிற்சாலையில் முறை வேலை பார்ப்பவர். அந்த நாலாயிரம் வெள்ளியைச் சேர்க்க எத்தனை இரவுகள் கண்விழித்திருப்பார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மாணவன் அமைதியாகத்தான் பேசினான். “ஐயா, அப்பா நம்பியது அதிர்ஷ்டத்தை. நான் சொல்கிற போக்கர் ஆட்டத்துக்குத் திறமை வேண்டும். இரண்டும் ஒன்றில்லை. அமெரிக்காவில் இதையே தொழிலாகச் செய்து வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள்.”

அவன் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. பாதி உண்மையை வைத்திருக்கும் பிள்ளையிடம் “சூது தீது” என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டே போய்விடுவான். ஆகவே, ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த வாரத்தில் படித்தவற்றையே கீழே தொகுத்துத் தருகிறேன்.

திறமைக்கு இடம் உண்டா?

போக்கரில் பல வகைகள் உள்ளன. இன்று பெரிய போட்டிகளில் பெரும்பாலும் ஆடப்படுவது 'டெக்சஸ் ஹோல்டம்' என்னும் வகை. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். மேசையின் நடுவில் அனைவருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் திறந்து வைக்கப்படும். முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. இந்த ஏழில் சிறந்த ஐந்தைக் கொண்டு வெற்றி முடிவாகும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம்; விலகியும் கொள்ளலாம். மற்றவர்கள் அனைவரும் விலகிவிட்டால், கையில் ஒன்றுமில்லாதவரும் வெல்லலாம்.

நான்கு எண்களை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவருக்கு, அதன் பிறகு முடிவு செய்ய ஒன்றுமில்லை. போக்கரில் முடிவு செய்துகொண்டே இருக்க வேண்டும். அந்த முடிவுகள் கணக்கைச் சார்ந்தவை. எடுத்துக்காட்டு ஒன்று தருகிறேன். ஆறாம் ஆண்டு மாணவரும் செய்யக்கூடிய கணக்குதான்.

உங்கள் கையில் இரண்டு ஹார்ட்டின் சீட்டுகள் உள்ளன. மேசையில் நான்கு சீட்டுகள் திறந்துவிட்டன. அவற்றிலும் இரண்டு ஹார்ட்டின். இன்னும் ஒரு ஹார்ட்டின் வந்தால் வெற்றி உங்களுக்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டில் ஹார்ட்டின் 13. நான்கைப் பார்த்துவிட்டீர்கள், மீதம் 9. மொத்தம் 52 சீட்டுகளில் நீங்கள் பார்த்தவை 6, பார்க்காதவை 46. ஆகவே, கடைசிச் சீட்டு ஹார்ட்டினாக வரும் வாய்ப்பு 46இல் 9. ஏறத்தாழ ஐந்தில் ஒன்று.

நடுவில் 80 வெள்ளி இருக்கிறது. எதிராளி 20 வெள்ளி கட்டுகிறார். இப்போது அங்கே 100 வெள்ளி. தொடர வேண்டுமானால் நீங்களும் 20 கட்ட வேண்டும். இதே நிலை 46 முறை வருவதாகக் கொண்டால், 9 முறை நூறு நூறாக 900 வெள்ளி கிடைக்கும். 37 முறை இருபது இருபதாக 740 வெள்ளி போகும். மிச்சம் 160. எனவே, தொடர்வது சரி. எதிராளி 20க்குப் பதிலாக 80 வெள்ளி கட்டியிருந்தால்? 9 முறை 160 வீதம் 1,440 வரும். 37 முறை 80 வீதம் 2,960 போகும். எனவே, விலகுவது சரி. சீட்டுகள் மாறவில்லை, கட்ட வேண்டிய தொகை மட்டும் மாறியது. முடிவும் மாறிவிட்டது.

முதல் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். ஐந்தில் நான்கு முறை தோற்கப்போகும் முடிவு அங்கே சரியான முடிவாக இருக்கிறது. ஒரு முடிவு நல்லதா கெட்டதா என்பதை அதன் விளைவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நல்ல ஆட்டக்காரர் தோற்ற பிறகும் “நான் செய்தது சரிதானா?” என்று கேட்டுப் பார்க்கிறார், வென்ற பிறகும் அதையே கேட்கிறார். பிள்ளையின் புள்ளியை மட்டும் பார்த்துவிட்டு விடைத்தாளைப் புரட்டிப் பார்க்காத நமக்கும் இதில் பாடம் உண்டு.

இந்த அளவில் என் மாணவன் சொன்னது உண்மைதான். இந்த ஆட்டத்தில் திறமைக்கு இடமுண்டு. ஆனால், திறமை மட்டும் ஒருவரைக் காப்பாற்றுமா என்பதே கேள்வி.

பட்டம் பெற்ற சீட்டாட்டக்காரர்

டோயல் பிரன்சன் 1933ஆம் ஆண்டு டெக்சஸ் மாநிலத்தில் லாங்வொர்த் என்னும் சிற்றூரில் பிறந்தவர். இளமையில் சிறந்த ஓட்டக்காரர், கூடைப்பந்து வீரர். தொழில்முறைக் கூடைப்பந்துக் குழுவொன்றின் கவனம்கூட அவர்மேல் விழுந்திருந்தது. கோடை விடுமுறையில் ஓர் ஆலையில் வேலை செய்தபோது பெரும் பாரம் சரிந்து விழுந்து அவருடைய கால் முறிந்தது. விளையாட்டு வாழ்க்கை அதோடு முடிந்தது.

அவர் படிப்பைத் தொடர்ந்தார். ஹார்டின்-சிம்மன்ஸ் பல்கலைக்கழகத்தில் 1954இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். அடுத்து முதுகலைப் பட்டமும் பெற்றார். அவருடைய முதுகலைத் துறை என்ன தெரியுமா? கல்வி நிர்வாகம்! ஆம், நம் துறைதான். பள்ளித் தலைமையாசிரியராக வந்திருக்க வேண்டியவர். சம்பளம் போதாது என்று எண்ணி, வணிக இயந்திரங்கள் விற்கும் நிறுவனமொன்றில் விற்பனையாளராகச் சேர்ந்தார். சேர்ந்த புதிதில் ஒரு சீட்டாட்டத்தில் அமர்ந்து ஒரு மாதச் சம்பளத்தைவிடக் கூடுதலாக வென்றார். விரைவிலேயே வேலையை விட்டார்.

இதைப் படித்ததும் “அப்படியானால் படிப்பு எதற்கு?” என்று ஒரு மாணவன் கேட்கலாம். அதன் பிறகு வந்த ஆண்டுகளையும் அவன் பார்க்க வேண்டும். 1950களிலும் 60களிலும் டெக்சஸ் மாநிலத்தில் போக்கர் ஆட்டங்கள் சட்டத்துக்குப் புறம்பாக மறைவிடங்களில் நடந்தன. ஆட்டத்தில் வெல்வது ஒரு வேலை. வென்ற பணத்தோடு உயிருடன் வீடு திரும்புவது இன்னொரு வேலை. துப்பாக்கி முனையில் பணத்தைப் பறிகொடுத்த நிகழ்ச்சிகள் அவர் வாழ்வில் உண்டு. நண்பர்கள் இருவருடன் கூட்டாகப் பணம் வைத்து ஊர் ஊராகச் சுற்றி ஆடினார். மூவரும் சேர்ந்து லாஸ் வேகஸ் நகருக்குச் சென்று, சேர்த்ததையெல்லாம் இழந்து திரும்பியதும் உண்டு. 1962இல் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சைக்குப் பின் பிழைத்தார். இருபது ஆண்டு உழைப்புக்குப் பிறகே உலகம் அறிந்த வெற்றி வந்தது. லாஸ் வேகஸில் நடைபெறும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை 1976இலும் 1977இலும் தொடர்ந்து வென்றார். இரண்டு முறையும் இறுதி ஆட்டத்தில் அவர் கையில் இருந்தவை ஒரு பத்தும் ஓர் இரண்டும். அந்தச் சீட்டு இணையை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

என்னை மிகவும் கவர்ந்தது அவர் 1978இல் வெளியிட்ட நூல். ஒவ்வொரு வகை ஆட்டத்துக்கும் அதில் வல்லவர் ஒருவரைத் துணையாகச் சேர்த்துக்கொண்டு ஒரு பெரிய பாடநூலையே உருவாக்கினார். பின்னாளில் 'சூப்பர் சிஸ்டம்' என்ற பெயரில் அது புகழ்பெற்றது. அதுவரை யாரும் வெளியில் சொல்லாத நுணுக்கங்களை எழுதிவிட்டதால், எதிராளிகள் அதைப் படித்துக்கொண்டு வந்து அவருக்கு எதிராகவே ஆடினார்கள். கல்வி படித்தவர் அல்லவா! தாம் அறிந்ததை மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை என்று நான் எண்ணிக்கொள்கிறேன். பந்தயங்களிலும் முதலீடுகளிலும் அவரும் பெருந்தொகை இழந்தவரே. ஆயினும் அறுபது ஆண்டுகள் ஒரே மனைவியுடன் வாழ்ந்து, 2023ஆம் ஆண்டு மே மாதம் தம் 89ஆம் வயதில் மறைந்தார்.

மேதை என்று போற்றப்பட்ட சிறுவன்

இரண்டாமவர் ஸ்டூ அங்கர். 1953இல் நியூயார்க் நகரில் பிறந்தவர். தந்தை மதுக்கூடம் நடத்தியவர். அங்கே சூதாட்டமும் நடந்தது. சிறுவன் சீட்டுகளுக்கு நடுவிலேயே வளர்ந்தான். பத்து வயதில் 'ஜின் ரம்மி' என்னும் சீட்டாட்டப் போட்டியில் பெரியவர்களை வென்றான் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். பதின்ம வயதின் தொடக்கத்தில் தந்தை இறந்தார். சிறுவன் பள்ளியை விட்டான். அவனை அரவணைத்தவர் நியூயார்க் குற்றக் கும்பலைச் சேர்ந்த ஒருவர்.

வெளியான சீட்டுகள் அனைத்தும் அங்கரின் மனத்தில் நிற்கும். எதிராளி கையில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்ததுபோல் சொல்லிவிடுவார். இதனால் அவருக்கு விந்தையான ஒரு துன்பம் வந்தது. அவரோடு ஜின் ரம்மி ஆட யாரும் முன்வரவில்லை. பிளாக்ஜாக் மேசைகளில் சீட்டுகளை எண்ணி வெல்கிறார் என்று சூதாட்ட விடுதிகளும் அவரைத் தடுத்தன. வேறு வழியின்றிப் போக்கர் பக்கம் வந்தார்.

1980ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 73 பேர் கலந்துகொண்டனர். நுழைவுத் தொகை பத்தாயிரம் டாலர். கடைசியாக எஞ்சியவர்கள் இருவர்: 46 வயது பிரன்சன்; 26 வயது அங்கர். அந்த வகைப் போக்கரில் அங்கருக்கு அனுபவம் மிகக் குறைவு. இறுதி ஆட்டத்தில் பிரன்சனிடம் ஓர் ஏஸும் ஓர் ஏழும்; அங்கரிடம் ஓர் ஐந்தும் ஒரு நான்கும். மேசையில் திறந்த முதல் மூன்று சீட்டுகள் ஏஸ், ஏழு, இரண்டு. பிரன்சனுக்கு இரண்டு இணைகள் அமைந்துவிட்டன, முந்திவிட்டார். அங்கர் முந்த வேண்டுமானால் அடுத்து ஒரு மூன்று வர வேண்டும். அவர் பார்க்காத 47 சீட்டுகளில் மூன்றுகள் நான்குதான். ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு வாய்ப்பு. மூன்று வந்தது. பட்டம் அங்கருக்குப் போனது. அடுத்த ஆண்டு 1981இலும் அவரே வென்றார்.

பிரன்சன் அங்கே தவறாக ஆடித் தோற்கவில்லை. சரியாக ஆடியும் தோற்றார். தோற்றவர் மறுநாளும் தம் கணக்கோடு வேலைக்குப் போனார். வென்றவரோ வென்ற பணத்தைக் குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் பந்தயங்களிலும் கோல்ஃப் பந்தயத்திலும் கொட்டினார். மேசையில் அவர் திறமை எவ்வளவு பெரிதோ, மேசைக்கு வெளியே அவர் இழப்பு அவ்வளவு பெரிது. போதைப்பொருளும் சேர்ந்துகொண்டது. 1990ஆம் ஆண்டுப் போட்டியில் முன்னணியில் இருந்தவர், மூன்றாம் நாள் ஆட்டத்துக்கு வரவில்லை. விடுதி அறையில் நினைவிழந்து கிடந்தார். அவரில்லாமலேயே அவர் பங்குச் சில்லுகள் ஒவ்வொரு சுற்றிலும் கழிந்துகொண்டிருந்தன. அப்படியும் ஒன்பதாம் இடம் அவருக்குக் கிடைத்தது!

1997இல் மீண்டும் வந்தார். நுழைவுத் தொகையைக்கூட நண்பர் பில்லி பாக்ஸ்டர்தான் கட்டினார். மகளின் படத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டு ஆடினார். 312 பேர் கலந்துகொண்ட போட்டியில் வென்று மூன்றாம் முறையாகப் பட்டம் பெற்றார். பரிசு ஒரு மில்லியன் டாலர். பாதி, பணம் கட்டிய நண்பருக்கு. மீதிப் பாதி சில மாதங்களில் கரைந்தது. 1998ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் லாஸ் வேகஸின் மலிவான விடுதி அறையொன்றில் இறந்து கிடந்தார். வயது 45. அவரிடம் இருந்தது ஏறத்தாழ 800 டாலர். அடக்கச் செலவுக்கு மற்றவர்கள் பணம் திரட்ட வேண்டியிருந்தது.

இப்போது வள்ளுவரை நினைத்துப் பாருங்கள். அங்கரைக் கெடுத்தது திறமைக் குறைவன்று. அவருக்கிருந்த திறமை கோடியில் ஒருவருக்கு வாய்ப்பது. மீண்டும் மீண்டும் வந்த வெற்றி, “இழந்தால் என்ன, நாளையே மீட்டுவிடுவேன்” என்று அவரை நம்ப வைத்தது. அவரால் உண்மையிலேயே மீட்கவும் முடிந்தது. அதுவே அவருக்குப் பொறியாயிற்று.

வெல்லும் பணம் யாருடையது?

மருத்துவர் நோயைத் தீர்க்கிறார், தச்சர் நாற்காலி செய்கிறார், பணம் பெறுகிறார். போக்கர் மேசையில் புதிதாக எதுவும் உருவாவதில்லை. ஒருவர் வெல்லும் ஒவ்வொரு வெள்ளியும் இன்னொருவர் இழந்தது. இடம் கொடுக்கும் நிறுவனமும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே, எல்லா ஆட்டக்காரரையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு எப்போதும் நட்டத்தில்தான் முடியும்.

2003ஆம் ஆண்டு கிரிஸ் மணிமேக்கர் என்னும் கணக்காளர், இணையத்தில் நூறு டாலருக்கும் குறைவான கட்டணத்தில் தகுதிச் சுற்று ஆடி, முதன்மைப் போட்டிக்குள் நுழைந்து 25 லட்சம் டாலர் வென்றார். அவ்வாண்டு போட்டியிட்டவர்கள் 839 பேர். மூன்றே ஆண்டுகளில், 2006இல், அந்த எண்ணிக்கை 8,773 ஆனது. ஒருவர் வென்ற கதையைக் கேட்டு ஆயிரக்கணக்கானோர் பத்தாயிரம் டாலரோடு வந்து நின்றார்கள். 2023இல் போட்டியிட்டவர்கள் 10,043 பேர். வென்றவருக்கு 12.1 மில்லியன் டாலர் கிடைத்தது, அது செய்தியானது. பரிசு பெற்றவர்கள் மொத்தம் 1,507 பேர். மீதமுள்ள 8,536 பேர் கட்டிய தொகை முழுவதையும் இழந்து வீடு திரும்பினார்கள். அவர்களைப் பற்றி எந்தக் காணொளியும் வருவதில்லை.

இணையத்தில் ஆடுபவருக்கு இன்னொரு இடரும் உண்டு. 2011ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் அமெரிக்க அரசு பெரிய போக்கர் தளங்களின்மேல் நடவடிக்கை எடுத்தது. ஒரு தளத்தில் பணம் வைத்திருந்தவர்கள் அதைத் திரும்பப் பெற ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. நம் நாட்டில், உரிமம் இல்லாத இடத்தில் சூதாடுவது 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கெந்திங் மலையிலுள்ள சூதாட்ட மையத்துக்குள்ளும் 21 வயது நிறையாதவர் நுழைய முடியாது. சட்டத்துக்குப் புறம்பான செயலியில் வென்ற பணம் வரவில்லையென்றால் யாரிடம் போய் முறையிடுவது? தொழில் என்கிறோம், ஊழியர் சேமநிதி உண்டா? சொக்சோ உண்டா? மருத்துவ விடுப்பு உண்டா?

கைப்பேசியில் இருந்த கணக்கு

ஒரு வாரம் கழித்து மாணவன் வந்தான். மேலே எழுதியவற்றையெல்லாம் அவனிடம் சொன்னேன். கூர்ந்து கேட்டான். அங்கரின் கதையைக் கேட்டபோது மட்டும் தலை குனிந்திருந்தான். பிறகு, “நான் போதைப்பொருள் எடுப்பதில்லையே, ஐயா. நான் பிரன்சனைப்போல் கவனமாக ஆடுவேன்” என்றான்.

“நல்லது. பிரன்சனைப்போல் கணக்குப் பார்ப்போம். இதுவரை நீ எவ்வளவு வென்றிருக்கிறாய்?” என்று கேட்டேன். ஓர் இரவில் 900 வெள்ளி வென்றதை நாள், நேரத்தோடு சொன்னான். எந்தச் சீட்டு வந்தது, எதிராளி எப்படி ஏமாந்தான் என்பதும் நினைவில் இருந்தது. கைப்பேசியின் மின்பணப்பையில் அவன் அனுப்பிய தொகைகள் அனைத்தும் நாள் வாரியாகப் பதிவாகியிருந்தன. ஒரு தாளில் இரண்டு பத்திகள் போட்டு, அனுப்பியதை ஒரு பக்கமும் வந்ததை மறுபக்கமும் எழுதச் சொன்னேன். முப்பது, ஐம்பது, இருபது என்று சிறு சிறு தொகைகள். அரைமணி நேரம் எழுதினான். கூட்டிப் பார்க்க அவனுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அனுப்பியது 1,640 வெள்ளி. வந்தது 1,050 வெள்ளி.

நான் எதுவும் சொல்லவில்லை. வென்ற இரவு நினைவில் இருந்தது. தோற்ற இரவுகள் தாளில் இருந்தன. தன் கையெழுத்தில் இருந்த அந்தத் தாளையே அவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: “ஐயா, பகுதிநேர வேலை செய்தேனே, அந்தச் சம்பளம் முழுக்க இதில்தான் போயிருக்கிறதா?”

கடைசி நாளுக்கு முன்பாகப் போலிடெக்னிக்கில் பதிந்துகொண்டான். இப்போது கணக்கியல் படிக்கிறான். போக்கர் போட்டிகளை இன்றும் காணொளியில் பார்ப்பதாகத் தாயார் சொன்னார். பணம் கட்டி ஆடுகிறானா என்று கேட்டேன். “இல்லை என்று சொல்கிறான், ஐயா. மாதக் கடைசியில் நானும் அவனும் சேர்ந்து உட்கார்ந்து கணக்கு எழுதுகிறோம்” என்றார். அது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. இனி எல்லாம் நலமே என்று சொல்ல மாட்டேன். ஆசை ஒரே நாளில் அடங்குவதில்லை.

நாம் என்ன செய்யலாம்?

ஆசிரிய நண்பர்களே, வேகமாக விடை சொல்லும் மாணவனை நாம் எல்லாரும் பாராட்டுகிறோம், பாராட்ட வேண்டியதுதான். அதே மாணவனுக்குப் பொறுமையும், தோல்விக்குப் பின் நிதானமும், போதும் என்று எழுந்துவரும் மனமும் இருக்கின்றனவா என்று யார் கவனிப்பது? அங்கரின் வேகத்தைச் சுற்றியிருந்த பெரியவர்கள் அனைவரும் வியந்தார்கள், பந்தயமும் கட்டினார்கள். பள்ளிக்குப் போ என்று கையைப் பிடித்து அழைத்துச் சென்றவர் இல்லை.

வாய்ப்புக் கணக்கை நாம் தயங்காமல் கற்பிக்கலாம். சீட்டுகளை வகுப்பறைக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை. ஒரு பையில் சிவப்பும் நீலமுமாகக் கோலிக்குண்டுகளைப் போட்டு நூறு முறை எடுக்கச் சொல்லுங்கள். முடிவுகளைப் பட்டியலிடச் சொல்லுங்கள். ஐந்து முறை நீலமே வந்துவிட்டால் ஆறாவது முறை கட்டாயம் சிவப்பு வரும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். எடுத்த குண்டை ஒவ்வொரு முறையும் பையில் திரும்பப் போட்டுவிட்டால், பைக்கு நினைவில்லை என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். வருங்காலத்தில் எந்தச் செயலி வந்து அழைத்தாலும் அந்தப் பாடம் துணைக்கு வரும்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். சாலையில் விபத்து நடந்தால் காரின் எண்ணைக் குறித்துக்கொண்டு நம்பர் கடைக்குப் போகிறவர்கள் நம்மில் உண்டு. காலையில் எழுந்த குழந்தையிடம், “கனவில் என்ன வந்தது? எண் ஏதாவது தெரிந்ததா?” என்று கேட்கும் வீடுகளும் உண்டு. விளையாட்டாகத்தான் கேட்கிறோம். குழந்தை அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. உழைப்பில்லாமல் பணம் வரும் வழி ஒன்று இருக்கிறது, அதைப் பெரியவர்கள் அன்றாடம் தேடுகிறார்கள் என்றே புரிந்துகொள்கிறது.

இன்று இரவு ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து, சென்ற ஓராண்டில் நம்பருக்குப் போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று இரண்டு பத்திகளில் எழுதிப் பாருங்கள். கூட்டுவதற்கு உங்கள் பிள்ளையை அழையுங்கள். அவர்கள் நம்மைவிட வேகமாகக் கூட்டுவார்கள்.